நாற்காலிக்காரர் இறந்துபோன ஞாயிறு

என் பேரனுக்கு டிரம்பெட் வாசிக்கத் தெரியாது. டிரம்பெட்டைப் பற்றிச் சண்டை போடத் தெரியும். சென்ற மாதம் எங்கள் செந்தூல் வீட்டுக் கூடத்தில் அவனும் அவன் நண்பனும் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஜாஸ் டிரம்பெட்காரர்களில் யார் பெரியவர் என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். விஷயம் முடியவில்லை. கடைசியில் என்னிடம் வந்தான்.

"தாத்தா, நீங்களே சொல்லுங்க லா. நீங்கதான் ஜட்ஜ்."

நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். அந்த வேலையை ஒருமுறை பார்த்தவன் நான். மிக மோசமாகப் பார்த்தேன். அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நாடு விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது மற்றவர்கள் மேசை, கட்டில் என்று கேட்டு வாங்கினார்கள். அப்பா மட்டும் பாட்டு போடும் ஒரு இசைத்தட்டுப் பெட்டியையும் ஒரு கூடை இசைத்தட்டுகளையும் வாங்கி வந்தார். கட்டில் கேட்கவில்லையே என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். பிறகு அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சமைக்கப் பழகிவிட்டார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கிள்ளானில் இருந்தார். துறைமுகத்தில் வேலை. அவருக்கும் இதே பைத்தியம் வேறு வழியாக வந்தது. அத்தை போடும் எலுமிச்சை ஊறுகாய்க்கு ஈடாகக் கப்பல்காரர்கள் அவருக்கு இசைத்தட்டு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில், கையில் ஒரு தட்டும் ஒரு பொட்டலம் கச்சான் பூத்தேயும் கொண்டுவந்து இறங்குவார். கடலை எனக்கு. தட்டு, அப்பாவோடு சண்டை போட.

சண்டை இரண்டு அமெரிக்க டிரம்பெட்காரர்களைப் பற்றியது. அவர்களை இருவருமே பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அந்த ஆங்கிலப் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையாததால், உறையில் இருந்த படத்தைப் பார்த்து அம்மாவே பெயர் வைத்துவிட்டார். அப்பாவின் ஆள் தொப்பி போட்டிருந்தார், அவர் தொப்பிக்காரர். மாமாவின் ஆள் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து ஊதினார், அவர் நாற்காலிக்காரர்.

"மாப்ளே, தொப்பிக்காரரு ஊதுறது ஆபீஸ்ல லெட்டர் டைப் அடிக்கிற மாதிரி. தப்பே இருக்காது. உயிரும் இருக்காது" என்பார் மாமா.

"உங்க ஆளு மூச்சு விடறதுக்குள்ள பாட்டு பாதி போயிடுது, மச்சான்."

"அவரு அவசரப்படமாட்டாரு. உங்க ஆளு ரயிலைப் பிடிக்கப் போறவன் மாதிரி ஊதறாரு."

"ரயில்வே வீட்டுல உக்காந்து, ரயில்வே கோப்பியைக் குடிச்சுக்கிட்டு, ரயிலையே குறை சொல்லுங்க."

அம்மாதான் நடுவர். ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே இரண்டு தட்டுகளையும் கேட்பார். தீர்ப்பு எல்லா வாரமும் ஒன்றுதான். "ரெண்டு பேருமே நல்லாத்தான் ஊதறாங்க. சோறு ஆறுது, வாங்க." இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார்கள். இது தீர்ப்பே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருட மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று அப்பா இரண்டு நாள் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் மாமா ஒரு சிநேகிதரின் காரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்ன கார் மறுநாள் காலையில் வந்தது. வீட்டுக்கு வந்த பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாயிடுச்சாம்" என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சுடுகாட்டில் அப்பா ஒரு பக்கம் நின்றார், மாமா ஒரு பக்கம் நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பல வாரம் மாமா வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் நடக்காதது போல, தட்டும் கடலையுமாக வாசலில் நின்றார். அப்பா கதவைத் திறந்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனார். மாமா உட்கார்ந்து பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தொப்பிக்காரருக்கும் நாற்காலிக்காரருக்கும் முந்திய ஒரு பழைய வித்துவானை இழுத்தார். அவர் இறந்து வெகு நாள் ஆகியிருந்தது.

அப்பா அங்கிருந்தே சொன்னார். "செத்தவங்க வேண்டாம், மச்சான். உயிரோட இருக்கறவங்களைப் பத்தி மட்டும் பேசுவோம்."

மாமா தலையாட்டினார். போட்டிக்கு அன்று விழுந்த விதி அது. நான் அதைப் போட்டி விதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முக்காலி காலியாக இருந்தது. "மருமவனே, நீ உக்காரு. இனிமே நீதான் ஜட்ஜ்" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். தொப்பிக்காரரின் ஓசை தண்டவாளம் மாதிரி நேராக ஓடும். நாற்காலிக்காரர் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் கொஞ்சம் நிற்பார், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று யோசிக்கிறவரைப் போல. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எனக்குப் பிடித்தது நாற்காலிக்காரரைத்தான். ஆனால் நான் இருப்பது அப்பாவின் வீட்டில். அதனால் ஒவ்வொரு வாரமும் "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லித் தப்பித்தேன்.

மாதங்கள் போயின. முடிவே இல்லாத இந்த வழக்கு எனக்கு அலுத்தது. ஞாயிறு மத்தியானம் குவார்ட்டர்ஸ் பையன்கள் திடலில் பந்து விளையாடுவார்கள். நான் முக்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். நடுவர் என்றால் முடிவு சொல்ல வேண்டும் அல்லவா? உயிரோடு இருப்பவர்கள் மட்டும் என்பது விதி. இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டால் வழக்கு தானாக முடிந்துவிடும். இந்த யோசனை வந்தபிறகு அதை விட முடியவில்லை. திடலுக்குப் போகும் ஆசை பாதிதான். சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை மீதி.

அடுத்த ஞாயிறு மாமா செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"மாமா, நாற்காலிக்காரர் செத்துட்டாரு. ரேடியோவுல சொன்னாங்க."

மாமா கையில் தட்டோடு அப்படியே நின்றார். "எப்படிடா?"

எப்படி என்று கேட்பார் என நான் நினைத்திருக்கவில்லை. மனிதர்கள் எப்படிச் சாவார்கள் என்பதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாயிடுச்சாம்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா வெளியே வந்தார். மாமா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிறகு மாமா தரையிலேயே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். "காரு கிடைக்கலன்னா நான் டாக்ஸி பிடிச்சு வந்திருக்கணும் மாப்ளே" என்றார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மொத நாளே நான் தூக்கிக்கிட்டுப் போயிருக்கணும் மச்சான்" என்றார். பிறகு இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பார்த்திராத ஒரு அமெரிக்கருக்காக இவ்வளவு அழுகையா என்று அதிசயப்பட்டேன். கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் திடலுக்கு ஓடிவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினாறு நாள் வரைக்கும் தட்டு போட வேண்டாம் என்று மாமா சொன்னாராம். எதிராளி என்றாலும் மரியாதை உண்டு என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். அடுத்து வந்த இரண்டு ஞாயிறுகளில் இசைத்தட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை; பதினாறு கழிந்த மூன்றாம் ஞாயிறும் யாரும் அதைத் திறக்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொள்ளும் பெண் எப்படி ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று மாமா கேட்க, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. என் யோசனை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

நான்காம் ஞாயிறு மாமா தட்டும் கொண்டுவரவில்லை, கடலையும் கொண்டுவரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு கப்பல்காரர் கொடுத்ததாம். அதில் நாற்காலிக்காரர் இருந்தார். அவர் செத்ததாக நான் சொன்ன நாளுக்குப் பின்னால் எங்கோ ஒரு மேடையில், அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்.

"செத்தவரு நல்லா ஊதறாரு, மாப்ளே" என்றார் மாமா. குரல் மெதுவாக இருந்தது. "நேரமாயிடுச்சுன்னு ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியுமா? சொல்லிக் கொடுத்தாத்தானே தெரியும். என் வாயால தப்பை ஒத்துக்க வைக்கணும், அதானே? அதுக்கு என் தங்கச்சி பிள்ளையா கிடைச்சான்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் கண் தரையில் இருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்காக அவர் காத்திருந்தார் என்பது இன்று தெரிகிறது.

பிறகு மாமாவிடம் சொன்னார். "ஆமா மச்சான். நான்தான் சொல்லச் சொன்னேன்."

மாமா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவர் வரவே இல்லை. முன்பு கொண்டுவந்திருந்த நாற்காலிக்காரரின் தட்டையும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு கிள்ளானுக்கு ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அத்தை சோறு போட்டார், ஊறுகாய் வைத்தார். மாமா என் வேலையைப் பற்றிக் கேட்டார், அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தேன். அப்பா முதலில் போனார், மாமா பிறகு. தொப்பிக்காரரும் நாற்காலிக்காரரும்கூடப் போய்விட்டார்கள் என்று பேரனின் கைப்பேசி சொல்கிறது. அந்த விதிப்படி பேச இனி யாரும் இல்லை.

மாமா பத்திரிகைத் துண்டை வைத்துவிட்டு எழுந்து போன அந்த ஞாயிறு, அப்பா என்னை அடிக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து நாற்காலிக்காரரின் தட்டைப் போட்டார். இரண்டு பக்கத்தையும் கடைசி வரை கேட்டார். நான் அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்தேன். நாற்காலிக்காரர் உயிரோடு இருந்தாலும், வாதாட மாமா வராவிட்டால் வழக்கு முடிந்தது போலத்தானே?

"அப்பா, தொப்பிக்காரர்தான் பெரியவரு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அப்பா தட்டை எடுத்து உறைக்குள் வைத்தார். "சரிடா" என்றார்.

மணி நாலரைதான் ஆகியிருந்தது. ஒருவழியாக அப்பாவை ஜெயிக்க வைத்துவிட்ட மகிழ்ச்சியில் நான் திடலுக்கு ஓடினேன்.