பாக்கெட்டின் பின்பக்கம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பதினோரு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். தனியார் வண்டி. கச்சிராயபாளையம் தாண்டி, கரும்பு வயல்கள் முடிந்து, மலை ஏற ஆரம்பித்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். எந்த வளைவுக்கு எந்த கியர், எங்கே ஹாரன், எந்தத் திருப்பத்தில் எதிரே வருகிறவன் ஒதுங்க மாட்டான் என்பதெல்லாம் என் கைக்கே தெரியும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

அந்த ஸ்டியரிங்கை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது சர்க்கரை.

ஒரு நாள் சாயங்காலம் மலை இறங்கும்போது கண் மங்கியது. ரோட்டோரக் கல்லில் எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பார்வை தெளிந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். "யாருகிட்டயும் சொல்லாதடா" என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவன் எனக்குத் தம்பி மாதிரி. ஆனால் அவன் வாயில் ஒரு விஷயம் அடுத்த ஸ்டாப்பிங் வரைகூடத் தங்காது. மறுநாள் காலை நான் ஷெட்டுக்குப் போனபோது முதலாளி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடைவீதியில் அவருக்குத் துணிக்கடையும் உண்டு. நல்ல மனிதர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். கையோடு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதே, அதில் எனக்கு ஒன்பதரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், தினமும் நடக்கச் சொன்னார், நடுவில் பசித்தால் கண்டதைத் தின்னக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "வண்டியில அம்பது உசுரு இருக்குதுப்பா. கண் டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாதான் நீ ஏறணும். மூணு மாசம் பாக்கறேன். மறுபடி டெஸ்ட் எடு. ஏழுக்குக் கீழ வந்தா மலை வண்டி உன்னுது. வரலைன்னா ஸ்டியரிங் கெடையாது. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு உளுந்தூர்பேட்டை வண்டிக்கு ஆள் ஏத்து."

மலை ஏறியவன் பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று "உளுந்தூர்பேட்ட, உளுந்தூர்பேட்ட" என்று தொண்டை கிழியக் கத்துவதா? அதற்கு நான் வீட்டிலேயே கிடக்கலாம்.

கண் டாக்டர் ஒரு வாரத்தில் சரி என்று எழுதிக் கொடுத்தார். இனி வாயைத்தான் கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். பஸ் நிற்கிற டீக்கடையில் டிரைவருக்குக் கொடுப்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள், டிரைவரும் வேண்டாமென்று சொல்லக் கூடாது. சொன்னால், நாளைக்கு வண்டி இங்கே நிற்காதோ என்று கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். கீழே பஜ்ஜி, மேலே போண்டா, நடுவில் டீ என்று பதினோரு வருஷம் இப்படித்தான் என் உடம்பு வளர்ந்தது. அதற்குப் பதிலாக வாயில் போட ஏதாவது வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த ஏசி மளிகைக்கடைக்குள் போனேன்.

உள்ளே ஒரு அலமாரி முழுக்க எனக்காகவே அடுக்கி வைத்தது போல இருந்தது. ராகி பிஸ்கெட், சர்க்கரை சேர்க்காத பிஸ்கெட், டயட் மிக்சர், சிறுதானிய நூடுல்ஸ், மசாலா ஓட்ஸ். எல்லாவற்றின் மேலும் பச்சை இலை படம், இதயம் படம், ஓடுகிற ஆள் படம். இவ்வளவு நல்லது உலகத்தில் இருக்கிறதா என்று கூடை நிறைய அள்ளினேன். சத்து பார் என்று ஒன்று இருந்தது, வடக்கனந்தலில் என் வீட்டு வாசலில் நின்று கடித்தேன். பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் அதோடு வந்துவிட்டது. அது ஒன்றுதான் ஆரம்பத்திலேயே என்னிடம் உண்மையாக நடந்துகொண்டது.

மற்றதெல்லாம் ருசியோ ருசி. டயட் மிக்சர் ஒரு டிரிப்புக்கு ஒரு பாக்கெட் போனது. ராகி பிஸ்கெட்டைக் கண்டக்டருக்குக்கூடக் கொடுக்காமல் நானே முடித்தேன். மருந்து மாதிரிதானே, ஜாஸ்தி தின்றால் சீக்கிரம் குணமாகும் என்பது என் கணக்கு.

என் மனைவி இதையெல்லாம் ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, இது சாப்பாட்டுக்குப் பதிலா துன்றதா, சாப்பாட்டோட சேத்துத் துன்றதா?"

"உனக்கு இன்னா தெரியும்? பாரு, சக்கர சேக்கலன்னு போட்டுக்குது."

ஒரு மாதம் ஆனதும் எப்படியும் பாதியாவது இறங்கியிருக்கும் என்று மீசையை முறுக்கிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. மிஷின் சரியில்லை என்று அங்கேயே சண்டை போட்டேன். இன்னொரு இடத்தில் எடுத்தேன். அங்கேயும் அதே கதை.

வீட்டில் வந்து பாக்கெட்டுகளை விட்டெறிந்தேன். மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மிஷினு இன்னா பண்ணும்? சக்கர இல்லாத பிஸ்கெட்ட மூணு ஸ்பூன் சக்கர போட்ட டீயில தோச்சித் துன்றீங்களாம். கண்டக்டரு சொல்லுச்சி."

அந்தத் துரோகியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. பிஸ்கெட்டைத் தோய்க்கும்போது எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அன்று இரவு தட்டில் கை வைக்கவே பயமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து ஒன்று நடந்தது. அன்று மத்தியானம் எங்கள் வண்டி கச்சிராயபாளையம் வரைக்கும் மட்டும் போய்த் திரும்ப வேண்டும். கண்டக்டர் முன்பக்கப் போர்டை மாற்ற மறந்துவிட்டான், கூட்டத்தில் டிக்கெட் கைமாறிப் போனதில் யார் எங்கே போகிறார்கள் என்றும் கவனிக்கவில்லை. கச்சிராயபாளையத்தில் எல்லாரும் இறங்கினார்கள், ஒரு அம்மா மட்டும் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"போர்டுல வெள்ளிமலைன்னு போட்டுக்கினு இங்கயே எறங்கச் சொல்றீங்களே, இன்னா நியாயம்?" என்றார்.

தப்பு எங்கள்மேல். ஆனாலும் கண்டக்டர் விடவில்லை. "போர்டப் பாத்தா ஏறுவாங்க? எது வரிக்கும் போவும்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கையில் அப்போது மிச்சமிருந்த ராகி பிஸ்கெட் பாக்கெட். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நானும் ஒரு மாதமாகப் போர்டைப் பார்த்துத்தானே ஏறியிருக்கிறேன். அந்த அம்மாவை அடுத்த வண்டியில் ஏற்றி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, பாக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன்.

அன்று சாயங்காலம் நானும் மனைவியும் எல்லாப் பாக்கெட்டையும் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். நான் பத்தாவது, அவள் பன்னிரண்டாவது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி அவள் படித்தாள், தெரியாததைப் போனில் போட்டுத் தமிழில் பார்த்தோம். எது ஜாஸ்தியோ அதைத்தான் முதலில் எழுத வேண்டுமாம், அதையும் போன்தான் சொன்னது.

ராகி பிஸ்கெட்டில் முதல் பேர் மைதா. அடுத்தது சர்க்கரை. அப்புறம் பாமாயில். ராகி நாலாவதாக, சீட்டுக் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சர்க்கரை சேர்க்காத பிஸ்கெட்டில் சர்க்கரை இல்லைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் முக்கால்வாசி மைதா, அதோடு பேரே வாயில் நுழையாத ஒரு மாவு. அந்த மாவு வயிற்றுக்குள் போனால் சர்க்கரையை ஏற்றுகிற வேலையைத்தான் பார்க்குமாம். டயட் மிக்சர் எண்ணெயில் பொரித்தது. நூடுல்ஸிலும் சிறுதானியம் பின் சீட்டில்தான். மனைவி ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. யாரைத் திட்டுவது? எல்லாவற்றையும் அவர்கள் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்க்காதவன் நான்.

மறுநாள் அதே கடைக்கு, கண்ணாடியும் போனுமாகப் போனேன். மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பினேன். ஒரு மணி நேரம் ஆகியும் கூடையில் ஒன்றும் விழவில்லை. கடை மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இன்னா தேடறீங்க?"

"பின்னாடி படிச்சிக்கினு இருக்கேன்."

"எல்லாரும் முன்னாடி பாத்துதான் சார் எடுப்பாங்க."

"நானும் ஒரு மாசம் அப்டித்தாங்க எடுத்தேன்."

நான் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பின்னால் மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாது, அந்த மூன்று பேரும் எனக்குத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். யாரும் குனிந்து பார்க்காத அடித்தட்டில் ஆள் அகப்பட்டான். தோலோடு வறுத்த கொண்டைக்கடலை. பின்பக்கம் இரண்டே பேர்: கடலை, உப்பு. பக்கத்தில் வறுத்த வேர்க்கடலை, அதுவும் ஒரே பேர். சாமை அவல், ஒரே பேர். சாதா ஓட்ஸும் ஒரே பேர்தான். அவன் நல்லவன், ஆனால் எனக்கும் அவனுக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. கடையில் நல்ல பொருள் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. இருக்கிறது, குனிய வேண்டும்.

சட்டைப் பையில் கடலை. பசித்தால் ஒரு பிடி, அதற்கு மேல் கிடையாது. எண்ணிக்கை கண்டக்டர் பொறுப்பு. துரோகிக்கு அதுதான் தண்டனை. காலையில் அவல் உப்புமா, கிளம்பும் முன் ஏரிக்கரை வரை நடை, வேளை தவறாமல் மாத்திரை.

மிச்சமிருந்தது டீ. மலையில் பாதி வழியில் ஒரு வளைவுக்கு மேலே ஒரு பெண் கடை வைத்திருக்கிறது. கீழ் வளைவில் என் ஹாரன் கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றும், நான் போய் நிற்கும்போது டீ தயாராக இருக்கும். சர்க்கரை வேண்டாம் என்றால் அதற்குக் காதே கேட்காது. "அர ஸ்பூன்தாண்ணா" என்று சிரிக்கும். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, ஒரு வண்டி ஜனம் பார்க்க, டீயைத் தரையில் ஊற்றிவிட்டேன். அதன் முகம் செத்துப்போனது. நாலு நாள் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது கேவலமான காரியம். ஐந்தாம் நாள் வண்டியை விட்டு இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"தப்புதாம்மா. இந்த டெஸ்டுல பெயிலானா நான் மலைக்கே வர மாட்டேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு உளுந்தூர்பேட்டைக்கு ஆள் கூப்புடுவேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணா? இனிமே டெஸ்ட் வர்ற வரிக்கும் உனக்கு டீயே கெடையாது" என்றது. அதுவும் சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு ஹாரன் அடித்தால் எனக்கு ஒரு சொம்பு மோர் வந்தது. பக்கத்தில் நின்று நான் குடித்து முடிக்கும்வரை பார்க்கும்.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் வாங்க என்னோடு மனைவியும் வந்தாள், பாயும் வந்தார். காகிதத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் வாங்கினாள். பாக்கெட் படித்த பழக்கம், நேராக எண்ணுக்குப் போய்விட்டாள்.

"ஆறு புள்ளி ஒம்போது."

"சரியாப் பாரு."

"ஆறு புள்ளி ஒம்போதுங்க. ஏழுக்குக் கீழ." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இதை இப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். பாய் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். படியிறங்கும்போது தன் தொப்பையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "இன்னா துன்ன? அந்தப் பாக்கெட்டு பேரு இன்னா?"

"பேரு முன்னாடி இருக்கும் பாய். நீங்க பின்னாடி பாருங்க."

மறுநாள் காலை வண்டி எடுத்தேன். கடைக்குக் கீழ் வளைவில் தேவைக்கு மேலேயே ஹாரன் அடித்தேன். மேலே போய் நிறுத்தினால், அந்தப் பெண் டீயோடு ரோட்டுக்கே வந்து நின்றது. கண்டக்டர் விஷயத்தை முன்னாலேயே போனில் சொல்லியிருக்கிறான், வேறு யார். கிளாஸை வாங்கப் பயந்தேன். ஒரு வாய் குடித்தேன். துளி சர்க்கரை இல்லை.

"எனக்குத் தெரியாதாண்ணா" என்றது. அதோடு கடையில் சரமாகத் தொங்கிய பிஸ்கெட் பாக்கெட்டில் ஒன்றைப் பிய்த்து ஜன்னல் வழியாக நீட்டியது. "உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி கம்பெனிக்காரங்க போட்டுட்டுப் போனாங்க. கொஞ்சம் பின்னாடி படி."

"அண்ணா, டைம் ஆவுது" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான்.

"இருடா." கண்ணாடியை எடுத்து மாட்டினேன். "மொதல் பேரு மைதா" என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"ரெண்டாவது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சக்கர."

அந்தப் பெண் திரும்பிப் போய்ச் சரத்தைக் கழற்றி உள்ளே வீசியது. நான் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு, முதல் கியர் போட்டேன். வெள்ளிமலைக்கு இன்னும் ஆறு வளைவு இருந்தது. ஆறும் என்னுடையது.