மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கேமரா

அல்லி ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் சந்தோஷப்பட அதில் ஒன்றும் இருக்காது. நெடுங்காட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறாள். சினை ஊசி போடுவாள், பிரசவம் பார்ப்பாள், மழையில் ஸ்கூட்டர் நின்றுபோனால் தள்ளிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவாள். நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் நிலம் வைத்திருந்தவரின் மூன்றாவது பெண். பிளஸ் டூ முடித்துப் பயிற்சிக்குப் போய் வேலைக்கு வந்த புதிதில், பொம்பளைப் பிள்ளை மாட்டுக்குள் கையை விடுமா என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் மாடுகளைத்தான் முதல் வருடம் முழுக்க அவள் பார்த்தாள். திரும்பச் சிரிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய கணவர் அன்பழகன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி எடைபோடும் இடத்தில் வேலை பார்க்கிறார். கரித்தூள் படிந்த காலரோடு வீட்டுக்கு வருவார், அதிகம் பேசமாட்டார். அவளிடம் ஏச்சு வாங்காமல் காலம் தள்ள அதுதான் வழி என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

மனிதர்களில் அவள் மிகவும் இளக்காரமாக நினைத்தது, கன்று தலை காட்டியதுமே கயிறு கட்டி இழுக்கிறவர்களை. கால் மடங்கியிருக்கிறதா, தலை திரும்பியிருக்கிறதா என்று எதுவும் பார்க்கமாட்டார்கள். தேர் வடம் பிடிப்பதுபோல நாலு பேர் சேர்ந்து இழுப்பார்கள். கன்று செத்துவிடும், சில நேரம் மாடும் விழுந்துவிடும், பிறகு வேளை சரியில்லை என்பார்கள். "வேளை நல்லாத்தான் இருந்துச்சு, கைதான் சரியில்ல" என்று அல்லி முகத்துக்கு நேராகவே சொல்வாள். இருபத்திரண்டு வருடம் சொல்லியும் கயிறு ஓயவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மருந்தகத்துக்கு வந்த டாக்டர் சுகிர்தா சின்ன வயது, அதிர்ந்து பேசாதவர். திட்டிப் பயனில்லை, காட்டினால் புரியும் என்பது அவருடைய எண்ணம். கன்று எப்படி வருகிறது, எப்போது கை வைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று ஒரு படம் எடுத்து, மாடு வளர்க்கும் பெண்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்றார். முதலில் போனில் எடுத்துப் பார்த்தார்கள். கொட்டகைக்குள் பட்டப்பகலிலும் அரை இருட்டுதான். தாழ்ந்த கூரை, சாரலுக்குத் தொங்கவிட்ட சாக்கு, ஒரு மூலையில் தொங்கும் மங்கிப்போன பல்பு. போனில் எடுத்த படத்தில் மாடும் சுவரும் ஒரே கறுப்பாக இருந்தன. போன் விளக்கைப் போட்டதும் படுத்திருந்த மாடு எழுந்து திரும்பி நின்றுகொண்டது. பயிற்சிக்கென்று வந்த தொகையில் ஒரு வீடியோ கேமரா வாங்கலாம் என்று முடிவானது. "நீங்களே பாத்து வாங்கிடுங்க அக்கா, கொட்டாய்க்குள்ள என்னா தெரியணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

செய்தி அல்லியின் தங்கை மூலமாகத் தங்கை வீட்டுக்காரர் செம்பியனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தலத்தெருவில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவர். மணமக்களை மேகத்துக்குள் நடக்கவிடுவார், தாமரைப் பூவுக்குள்ளிருந்து மாமியாரை எழுப்புவார். கேமராவெல்லாம் அப்புறம், வெளிச்சம்தான் முக்கியம் என்று சொல்லி, இரண்டு பெரிய விளக்குகளும் ஒரு வெள்ளைக் குடையுமாக வந்து இறங்கினார். சினை மாடு ஒன்று கட்டியிருந்த கொட்டகையில் ஒத்திகை நடந்தது. விளக்கு எரிந்த நொடியில் மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு, குடையை மிதித்து, புதிதாக நட்டிருந்த தென்னங்கன்றுகளின் மேலேயே ஓடி வாய்க்காலில் இறங்கியது. மாடு ஒத்துழைக்கவில்லை என்று செம்பியன் வருத்தப்பட்டார்.

"ஆமாம் மாப்பிள்ளை. அடுத்த தடவ தலைவாரி, பவுடர் பூசி ஒக்கார வைக்கிறேன்" என்றாள் அல்லி.

அதன் பிறகு அவள் தனியாகவே கடை ஏறினாள். முதல் கடையில் கழுத்துப்பட்டை கட்டிய பையன், இது பூஜ்ய லக்ஸ் மேடம், அமாவாசை இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும் என்றான். ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் அவன் முகம் பச்சை நிறத்தில், கண் மட்டும் பூனைக்கண்ணாகத் தெரிந்தது. ரத்தம் என்ன நிறத்தில் தெரியும் என்று கேட்டாள். அவன் யோசித்து, பச்சையாகத்தான் என்றான். மஞ்சள்? அதுவும் பச்சைதான். "அப்ப ஒலகமே பச்சையா இருக்குறவங்களுக்கு வித்துக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கன்று போடும்போது பன்னீர்க்குடம் உடைந்து வரும் நீரின் நிறம்தான் பாதிக் கதை. தெளிந்து வந்தால் காத்திருக்கலாம். பழுப்பாக வந்தால் கன்று உள்ளே திணறி வெளிக்குப் போயிருக்கிறது, இனி தாமதிக்கக் கூடாது. சிவப்பாகக் கொட்டினால் அது வேறு ஆபத்து. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாத படத்தை எடுத்து என்ன செய்ய? கண்ணுக்குத் தெரியாத சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எடுக்கிற எந்தக் கேமராவும் நிறத்தைத் தின்றுவிடுகிறது என்பது அன்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த நாள் மூன்று சின்ன பாட்டில்களில் வெறும் தண்ணீர், கறுப்பு டீ, குங்குமம் கரைத்த தண்ணீர் என்று நிரப்பிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டாவது கடைக்காரர் ஐம்பது மடங்கு ஜூம் என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் பாட்டில்களை வைத்து, ஜூம் பண்ணுங்கள் என்றாள். ஜூம் ஏற ஏறப் படம் இருட்டிக்கொண்டே போய், மூன்று பாட்டிலும் ஒன்றானது. வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னாள். கேமரா தானாகக் கூட்டிக்கொண்டதில் திரை முழுக்க ஈ மொய்த்ததுபோலப் புள்ளிகள் ஊர்ந்தன. கடைக்காரர், டீயை எதற்கு மேடம் இருட்டில் வீடியோ எடுக்கிறீர்கள் என்று சிரித்தார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்க என்று சொன்னபோது சிரிப்பு இன்னும் கூடியது. ஐம்பது மடங்கு கிட்டே போய் ஒன்றும் தெரியாததற்கு இங்கேயே நின்று தெரியாமல் இருக்கலாமே என்று கேட்டுவிட்டுப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டாள்.

மூன்றாவதாகப் போனது ஜெகபர் சாதிக்கின் கடை. செத்துப்போன டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் நடுவே ஒரு ஸ்டூல், அதில் அவர். தூசி அரை விரல் கனம் இருந்தது. இந்த லட்சணத்தில் இவர் என்ன காட்டப்போகிறார் என்றுதான் அல்லி நினைத்தாள். அவர் எதையும் புகழவில்லை. என்ன வேண்டும் என்று முழுதாகக் கேட்டுக்கொண்டார். பாட்டில்களைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை.

"இருட்டுல எடுக்கணும்னா ரெண்டு விஷயந்தாங்க. உள்ள இருக்குற சென்சார் பெருசா இருக்கணும், லென்ஸோட வாய் அகலமா இருக்கணும். மத்ததெல்லாம் அட்டைப்பெட்டில எழுதுறதுக்கு" என்றார்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய கேம்கார்டரை எடுத்தார். யாரோ விற்றுவிட்டுப் போனது. கைப்பட்டை தேய்ந்திருந்தது, ஜூம் கொஞ்சம்தான், புதிதில் இருப்பதுபோல ஃபோர்-கே தெளிவும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் பாட்டில்களை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். படத்தில் லேசாகப் புள்ளி இருந்தது. ஆனால் டீ டீயாக இருந்தது, குங்குமம் குங்குமமாக இருந்தது. வெளிச்சத்தை ஓர் அளவுக்கு மேல் தானாகக் கூட்டாதபடி எங்கே நிறுத்துவது, மூலையில் எரியும் பல்புக்கு ஏற்ப எது வெள்ளை என்று கேமராவுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர் காட்டினார். அல்லி குறை சொல்ல எதையாவது தேடினாள். கடையைப் பெருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பழசைப் போய் வாங்கினீர்களே அக்கா என்று செம்பியன் தலையில் கைவைத்தார்.

கார்த்திகை மழையில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மருதையன் வீட்டிலிருந்து போன் வந்தது. மருதையன் அறுபது வயதுக்காரர், சம்பா நட்டிருந்தார், இழுக்கிறவர்களில் தலைவர். அவர் மாடு கன்று போடும்போது படம் எடுப்பதாக ஏற்கெனவே பேச்சு. டாக்டர் வேறு ஊர் முகாமில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். அல்லி கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. சாக்கு இடுக்கில் வந்த மழை வெளிச்சம்தான். மாடு படுத்திருந்தது. மூக்கும் ஒரே ஒரு முன்னங்காலும் வெளியே தெரிந்தன. அந்த ஒற்றைக் காலில் மருதையன் கயிறு கட்டி முடித்திருந்தார். நீர் பழுப்பாக வந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு நிமிடம் படம் எடுத்தாள். நிறம் அப்படியே விழுகிறது என்று பார்த்துக்கொண்டாள். அதற்குள் மருதையன் கயிற்றைக் கையில் சுற்றிக் காலை ஊன்றினார்.

"அண்ணே, கயித்தக் கீழ போடுங்க" என்றாள்.

"நீ படத்த எடும்மா. நான் எத்தன கண்ணு பாத்திருக்கேன்."

"நீங்க பாத்த கண்ணெல்லாம் எங்க பொதைச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். கீழ போடுங்க."

அவர் விடவில்லை. இனி கேமராவும் கையுமாக நிற்க முடியாது. கீழே வைத்தால் சேறு. சாக்கு ஓரத்தில் மருதையனின் மனைவி சொர்ணாம்பாள் நின்றிருந்தார். வீட்டு மாடுகளுக்குப் புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, பால் கறப்பது எல்லாம் அவர்தான். யோசனை மட்டும் மருதையனுடையது. அல்லி கேமராவை அவர் கையில் கொடுத்து, தொட்டி விளிம்பில் கையை ஊன்றி இந்தப் பக்கமே காட்டிக்கொண்டிருங்கள், வேறு எதையும் தொடவேண்டாம் என்றாள். சொர்ணாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

பிறகு அல்லி கயிற்றை அவிழ்த்து வாசலில் எறிந்தாள். தோள் வரை உறை மாட்டி, சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக் கையை விட்டாள். இன்னொரு கால் முட்டியில் மடங்கியிருந்தது. மாடு முக்காத நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ள வேண்டும். குளம்பை உள்ளங்கையில் மூடிப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது கருப்பையைக் கிழித்துவிடும். மூன்று முறை நழுவியது. உள்ளே தள்ளினால் எப்படி வெளியே வரும் என்று மருதையன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைப் பற்றியும், அவருடைய அறிவைப் பற்றியும், அந்த அறிவு குடியிருக்கும் இடத்தைப் பற்றியும் அல்லி மூச்சிரைக்கச் சொன்னவை அச்சில் ஏறக்கூடியவை அல்ல. நாலாவது முறை கால் நிமிர்ந்தது. அடுத்த முக்கலில், மெல்லப் பிடித்துக்கொடுத்ததும், கிடாரிக் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டு, விலாவைத் தேய்த்தாள். கன்று தும்மியது.

அல்லி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை மரத்திருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு தும்மலுக்கும் முகம் மலர்ந்துவிடுவது அவளுக்கே பிடிக்கவில்லை. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பியபோது, கேமராவோடு சொர்ணாம்பாள் அசையாமல் நின்றிருந்தார்.

மருந்தகத்தில் டாக்டர் சுகிர்தா படத்தைப் போட்டுப் பார்த்தார். நாற்பது நிமிடம், ஒரு நடுக்கம் இல்லை. பழுப்பு நீர், உறை போட்ட கை, வந்து விழுந்த கன்றின் நீலம் பூத்த நாக்கு எல்லாம் தெளிவாக இருந்தன. கயிறும் கையுமாக மருதையனும் இருந்தார். அல்லியின் வசவும் இருந்தது. வசவை டாக்டர் எடுத்துவிட்டார்.

சமுதாயக் கூடத்தில் முப்பது பெண்களுக்குப் படம் காட்டினார்கள். மறுநாளே மருதையன் மருந்தகத்துக்கு வந்தார். தன்னைக் கேட்காமல் தன் முகத்தைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டதாக டாக்டரிடம் புகார் சொன்னார். அல்லி உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. டாக்டர் மன்னிப்புக் கேட்டு, முகம் வரும் இடத்தையும் கயிறு வரும் இடத்தையும் வெட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் படம் பரவியது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கமெல்லாம் போனில் போய், யார் வீட்டு மாடு, எந்த ஊர்க் கன்று என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். பொங்கல் கழிந்து மருதையன் மறுபடி வந்தார். மாடு தன்னுடையது, கொட்டகை தன்னுடையது, தன் முகம் இல்லாமல் படம் ஓடுவது நியாயமா என்று கேட்டார்.

"போட்டுடலாம்ண்ணே. மொகத்தப் போட்டா கயித்தையும் போடணும். சம்மதமா?" என்றாள் அல்லி.

அவர் நிஜமாகவே யோசித்தார். கயிறு வேண்டாம் என்றார். கயிறு இல்லாமல் உங்கள் முகத்தை மாடே அடையாளம் கண்டுகொள்ளாது என்று அவள் சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

படத்தின் கடைசியில் இரண்டு சொற்களை மட்டும் சேர்க்கும்படி அல்லி டாக்டரிடம் கேட்டாள்: "ஒளிப்பதிவு: சொர்ணாம்பாள்". இப்போது மருதையன் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவைத்து, நம் வீட்டில் எடுத்தது என்று எல்லோருக்கும் காட்டுகிறாராம். சொர்ணாம்பாள் இதுவரை படத்தைப் பார்க்கவில்லை. எடுக்கும்போதே பார்த்தாயிற்று என்கிறார்.