தலைவர் ஏறிய ஏணி

முசெம்பி ஒரு வேலை செய்து பார்த்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. பதவி மட்டும் உண்டு: தண்ணீர்க் குழுத் தலைவர். எங்கள் கிடுய் வட்டாரத்து வெயிலில் நாங்களெல்லாம் வதங்கிக் கிடந்தபோதும் கோட்டைக் கழற்றாத ஒரே மனிதர்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்காக உயரமான கம்பங்களில் சோலார் பேனல்களை நிறுத்தினார்கள். அடியில் பயிர் செய்யலாம் என்று பொருத்த வந்தவர்கள் சொன்னதும் முசெம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நெழல்ல மக்காச்சோளம் வருமா? அது வராத மண்ணு ஒரு மண்ணா? எவளாவது கீரை போட்டுக்கட்டும்."

எங்கள் ஆண்களுக்கு மக்காச்சோளம் விளைந்தால்தான் அது நிலம். யாரும் சீந்தாத அந்த இடம் என் பக்கத்து வீட்டுக் கவிண்டுவின் கைக்கு வந்தது. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள், சொந்தமாகப் பிடி மண் கிடையாது. விடிந்ததும் தன் ஏணியைப் போட்டு ஏறி, பேனல்களின் தூசியைக் கழுவுவாள். அந்தத் தண்ணீர் விளிம்பிலிருந்து சொட்டும் வரிசையில் சுக்குமா என்னும் அகல இலைக் கீரையை நட்டாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஆண்களின் சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. கவிண்டுவின் கீரையோ யானைக் காதாக விரிந்தது. அவள் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அது போதுமே, முசெம்பிக்கு வயிறு எரிய. கூட்டம் கூட்டினார்.

"பொது எடத்த ஒருத்தி மட்டும் அனுபவிக்கறது நியாயமா?"

நியாயம் பேசிய வாயோடே அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். கவிண்டு ஏணியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கீரையைப் பிடுங்கிவிட்டு அந்த மகான் நட்டது என்ன? வராது என்று தானே சிரித்த அதே மக்காச்சோளம்! நிழலில் வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து, கதிரே இல்லாமல் நின்றது. பேனல் பக்கமே அவர் போகவில்லை. வாளியும் துணியும் பெண்கள் சமாச்சாரமாம். செம்மண் தூசி அப்பியது, மோட்டார் முனகியது, தொட்டி காய்ந்தது. பழையபடி கேன்களைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலைத் தோண்டப் போனோம்.

ஊரே திரண்டு அவர் வாசலில் நின்றது.

"சரி சரி, என் பெரிய மனசுக்கு அந்த எடத்த அவளுக்கே குடுக்கறேன். வந்து கழுவச் சொல்லுங்க" என்றார்.

கவிண்டு வந்தாள். ஏணியைக் கம்பத்தில் சாய்த்தாள். ஏறவில்லை.

"நீங்க சேத்து வெச்ச தூசி, தலைவரே. கழுவிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

"நானா? நான் இந்த ஊர்த் தலைவரும்மா!"

"அப்ப ஏறுங்க. மேல இருக்கறதுக்குத்தான தலைவர்?" என்றேன் நான். ஆண்கள்கூடச் சிரித்தார்கள். தாகம் எடுத்தவர்களுக்குக் கோட்டு கண்ணில் படுமா?

கோட்டோடுதான் ஏறினார், ஆற்றிலிருந்து நாங்கள் சுமந்து வந்த தண்ணீரும் துணியுமாக. "ஆய்வு பண்றேன்!" என்று மேலேயிருந்து அறிவித்தார். அழுக்குத் தண்ணீர் அவருடைய மலட்டுச் சோளத்தின் மேலேயே கொட்டியது. கீழே கவிண்டு அந்தப் பயிரை வேரோடு பிடுங்கி ஆடுகளுக்கு எறிந்துகொண்டிருந்தாள். மோட்டார் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

கவிண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மூலையில இன்னும் போகல, தலைவரே."

தலைவர் அந்த மூலையைத் தேய்த்தார்.