பத்தியத்தில் பிழைத்த மரம்

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குப் பணிமனையில் ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். அவள் ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் லாரியே ஓரம் கட்டும். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரத்திடம் மட்டும் கெஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள்.

அது மெக்கடேமியா. ஆஸ்திரேலியக் காட்டு மரம், இலை உதிர்த்து மொட்டையாக நிற்காத ஜாதி. அதன் பருப்பை ஒருமுறை வாயில் போட்டவள், ஒட்டுக்கன்று ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்து துணிக்கொடிக்கும் மதிலுக்கும் நடுவே நட்டுவிட்டாள்.

கணவர் கறிக்கடையில் வெட்டுகிறவர். மனைவி ஆசைப்பட்ட மரம் என்பதால் அவருக்கும் அதன்மேல் உயிர். கடையில் மிஞ்சும் எலும்பைக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, வாராவாரம் வேரடியில் போட்டார். மரம் தேறவில்லை. தளிரெல்லாம் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. நுனிகள் தீய்ந்தன. பாவம் சோகை பிடித்திருக்கிறது என்று அவர் இன்னொரு கை கூடுதலாகப் போட்டார்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “அண்ணி, அது போற உசுரு. வெட்டிட்டா வண்டி நிறுத்த இடமாச்சு.”

“முதல்ல உன் வண்டியைத்தான் வெட்டுவேன்!”

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த விடுப்பு நாளிலேயே ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினாள். நர்சரிக்கார அம்மா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன போடுறீங்க?” என்று கேட்டாள்.

“எலும்புத்தூள்.”

“அடக் கடவுளே! சத்தில்லாத மண்ணுல பொழைச்சுப் பழகின மரம்மா இது. இருக்கிற துளியையும் தேடிப்பிடிச்சு உறிஞ்சிடும். அதுக்குப் போயி எலும்புல இருக்கிற பாஸ்பரஸைக் கொட்டினா தாங்குமா? மேல்மண்ணை வாரிட்டு மரச்சீவலும் சருகும் போட்டு மூடுங்க. தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் கூடாது.”

லாரிக்காரர்களை அதட்டுகிறவளுக்கு இதைக் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “என்னங்க, மரத்துக்குப் பத்தியம் சொல்லியிருக்காங்க” என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. “நான் போட்டதுதான் வெஷமாச்சா?”

“நீங்க போட்டது பாசம். அதுல கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான்.”

கண் கலங்கியபடியே சிரித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் அவள் எழுமுன்பே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேலோட்டமாகப் படர்ந்த வேர் அறுந்துவிடுமே என்று மண்வெட்டியைத் தொடவில்லை. இருவரும் வெறுங்கையாலேயே மண்ணை வாரினார்கள்.

மழைக்காலம் ஒன்று வந்து போனது. மரம் அசையவில்லை. “பட்டினி போட்டே கொல்றீங்க” என்றாள் நாத்தனார். பிறகு ஒரு காலை, உச்சிக்கிளையில் எண்ணெய் தடவினாற்போலப் பச்சையாக ஒரு கொத்துத் தளிர்! அதற்கப்புறம் மரத்தைப் பிடிக்க முடியவில்லை. மதிலைத் தாண்டியது, மாடி ஜன்னலைத் தொட்டது. இரண்டாம் வருஷம் வெள்ளைப் பூச்சரங்கள் ஜடை ஜடையாகத் தொங்கின. தேன்வாசனையில் மயங்கிய நாத்தனார் ஜன்னலைச் சாத்தவே மறந்தாள்.

காய்கள் பச்சைத்தோல் வெடித்து உதிர்ந்தன. காயவைத்தாயிற்று. ஆனால் ஓடு இருக்கிறதே, அது கல்லுக்கு அண்ணன்! சுத்தியல் பட்டதும் கொட்டை துள்ளிப்போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்தது. கணவரின் வெட்டுக்கத்தி முனை மழுங்கியது. விடுவாளா அவள்? பையோடு பணிமனைக்குக் கொண்டுபோய், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் ஒன்றை வைத்துத் திருகினாள். மெக்கானிக்குகள் வேலையை விட்டுச் சூழ்ந்தார்கள்.

‘டப்!’

தந்த நிறத்தில், உருண்டையாக, சேதாரமில்லாமல் பருப்பு. தலைமை மெக்கானிக் பாதியைக் கடித்தார். கண் விரிந்தது. “ஹாரன், வெண்ணெயை மரத்துல காய்க்க வச்சிருக்கியேம்மா!”

அவள் போட்ட கூச்சலில் பணிமனைத் தகரக்கூரை அதிர்ந்தது. பையிலிருந்த மற்றவற்றையும் வைஸிலேயே உடைத்து, பருப்பை மடியில் கட்டிக்கொண்டு நேரே கறிக்கடைக்குப் போனாள். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கணவரின் வாயில் ஒன்றை ஊட்டினாள். அவர் மென்றுகொண்டே, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று நீட்டத் தொடங்கினார்.