குரோமியத்தின் ஆறு எலக்ட்ரான்கள்

ரைஹான் ஆட்டுக்குடலை உள்வெளியாகத் திருப்பிப்போட்டு உப்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை ஷோல்பன் வீட்டுச் சமையலறை. அன்று காலைதான் எங்கள் மாவட்டத்து வேதியியல் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்கும் தகுதித் தேர்வு நடந்தது. மதியமே முடிவு வந்துவிட்டது. பதினொரு பேர் தேறினார்கள், ரைஹான் ஒரு மதிப்பெண்ணில் விழுந்தாள். தேர்வு அதிகாரிக்கு விருந்து வைக்கும்போது விழுந்தவளையே குடல் கழுவக் கூப்பிட்டிருந்தார்கள். அவளைப்போல் சுத்தமாகக் கழுவ ஆளில்லையாம். அதே பள்ளியில் நர்ஸாக இருந்த நான் வெங்காயம் நறுக்கினேன்.

குடல் நாற்றம் எனக்குப் பழகியது. அன்று எனக்குப் பொறுக்காதது பதினேழாம் கேள்வி.

குரோமியம் அணுவின் கடைசி ஆறு எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊர் குரோமியத் தாதுவைத் தோண்டி வயிறு வளர்க்கும் ஊர். ரைஹான் முப்பத்தொரு வருடமாக அதை நடத்தும் குரல் என் அறைவரை கேட்கும். ஆஸ்பத்திரிக் கணக்கில் சொன்னால், ஒரு தனிக் கட்டில், பக்கத்தில் ஐந்து கட்டில் போட்ட வார்டு. வழக்கமான வரிசைப்படி தனிக் கட்டிலில் இரண்டு பேர், வார்டில் நான்கு பேர் என்று வரவேண்டும். ஆனால் இரண்டு பேர் ஒரே கட்டிலில் இடித்துக்கொண்டு கிடக்கையில் வார்டில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. ஒருவர் எழுந்து அங்கே போய்விடுகிறார். வார்டில் கட்டிலுக்கு ஒருவர், தனிக் கட்டிலில் ஒருவர். அணுவுக்கு ஆற்றல் குறைந்த நிம்மதியான நிலை அதுதான். ஐந்தும் ஒன்றும். எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

விடைப்பட்டியலில் நான்கும் இரண்டும் என்று தப்பாக அச்சாகியிருந்தது. சரியாக எழுதிய ரைஹானுக்கு மதிப்பெண் போயிற்று. மற்றப் பதினொரு பேரும் நான்கும் இரண்டும் என்றே எழுதியிருந்தார்கள். தேர்வு அதிகாரி டோலெகென் ஒரு வாரம் முன்பே பட்டியலைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. அதற்குக் கைமாறாக, குடலில் குதிரைக்கறி அடைத்த தொத்திறைச்சி ஆளுக்கொன்று அவன் காரில் ஏறியதாம்.

ரைஹானின் இருபது வருடத் தோழி சாகிலாவும் அந்தப் பதினொருவரில் ஒருத்தி. கூசாமல் ரொட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்குந்தான் தெரியும். போன வாரம்கூட ஐஞ்சும் ஒண்ணும்னுதான் நடத்தினேன். பட்டியல்ல அப்படி இருந்துச்சு, எழுதிட்டேன். சம்பளம் குடுக்கிறது குரோமியமா, ஆபீஸா?"

"வகுப்புல ஒண்ணு, தாள்ல ஒண்ணு. உனக்கென்னடி, ரெண்டு வாயா?" என்றாள் ரைஹான், குடலிலிருந்து கண்ணெடுக்காமல்.

ரைஹானும் ஒன்றும் மகான் இல்லை. தேர்வின் கணினிப் பகுதிக்குப் படிக்கச் சொல்லிப் போன மாதம் முழுக்க நச்சரித்தேன், படிக்கவில்லை. அங்கே போன மதிப்பெண்கள் நியாயமாகவே போயின. பதினேழாம் கேள்வி அப்படியல்ல. அந்த ஒரு மதிப்பெண் வராவிட்டால் மேல்வகுப்புகளைப் பிடுங்கிவிடுவார்கள். வேதியியலை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு இலை, பூ சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். தாளை மறுபடி திருத்தக் கேட்டு மனு எழுதிக்கொடுக்க மறுநாள் காலை பத்து மணிவரை நேரம் இருந்தது.

டோலெகென் கை கழுவச் சமையலறைக்கு வந்தான். நாற்பது வயது இருக்கும். ஆசிரியைகளை எல்லோரும் அழைப்பதுபோல அவனும் அபாய் என்றே மரியாதையாக ஆரம்பித்தான்.

"அபாய், மனு கினுன்னு அலையாதீங்க. கணினிப் பகுதில ஒரு மார்க்கை நானே ஏத்திடறேன். புகாரில்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"குரோமியம்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அதத் திருத்தினா பதினோரு தாளும் வெளிய வரும், நாலு பேராவது விழுவாங்க. சாகிலா அபாயும் விழுவாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

ரொட்டி மூடிய துணியில் கையைத் துடைத்துவிட்டுப் போனான். அந்தத் துணியை எடுத்து அழுக்குக்கூடையில் போட்டேன்.

விருந்தில் முதல் விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையை அவன்முன் வைத்தார்கள். காதை அறுத்து ஷோல்பனின் பேரனுக்குக் கொடுத்தான், கன்னத்தைத் தான் தின்றான். கடைசியில் தட்டில் மிஞ்சிய கறியைப் பெரியவர்கள் கைநிறைய அள்ளிச் சிறியவர்களுக்கு ஊட்டுவது எங்கள் வழக்கம். அது ஆசீர்வாதம். அவன் ஒரு பிடி அள்ளிக்கொண்டு எழுந்து, ஐம்பத்தாறு வயது ரைஹானின் வாயருகே நீட்டினான். கொழுப்பு அவன் மணிக்கட்டில் வழிந்து கடிகாரப் பட்டைக்குள் இறங்கியது. அவள் வாயைத் திறந்தால் பேரம் முடிந்தது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கோ ரைஹான், விருந்தாளி கை," என்றாள் ஷோல்பன்.

ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலுமாக நாற்பது வருடம் நோயாளிகளுக்கு ஊட்டியிருக்கிறேன், வாந்தி அள்ளியிருக்கிறேன். அந்தக் கையைப்போல அசிங்கமானது எதையும் பார்த்ததில்லை.

ரைஹான் சூப்புக் கிண்ணத்தை எடுத்து அவன் கைக்கு அடியில் பிடித்தாள். "இதுல போடுங்க தம்பி. எனக்குச் சாப்பிடக் கை இருக்கு."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அவன் போட்டான். அவள் கிண்ணத்தைத் தொடாமல் விரிப்பில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

வீட்டுக்கு நடக்கையில், படம் அனுப்பியதையும் தொத்திறைச்சியையும் மனுவில் எழுது என்று அவளை நெருக்கினேன். எதையும் கண்ணால் பார்க்கவில்லையே என்று மறுத்துவிட்டாள்.

"குரோமியத்தை மட்டும் கேக்கறேன். ஒரே தப்பைப் பதினோரு டீச்சர் எழுதினா, மத்ததை அந்தத் தாளே சொல்லும்."

"சாகிலா?"

"விழுவா," என்றாள்.

மறுநாள் எட்டரைக்கு இருவரும் மாவட்ட அலுவலகம் போனோம். மனுவில் நான்கே வரி: பன்னிரண்டு தாள்களிலும் பதினேழாம் கேள்வியை மறுபடி திருத்த வேண்டும். அதிகாரி இல்லை, மதியம் வாருங்கள் என்றாள் எழுத்தர். ரைஹான் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பதே முக்காலுக்கு எழுத்தர் சலித்துக்கொண்டே மனுவை வாங்கி, எண் போட்டு முத்திரை குத்தினாள். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரைஹான் மூன்றாம் பீரியடுக்குப் பள்ளிக்குப் போனாள்.