அண்ணிக்குச் சுற்றிய பாபின்கள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டு இருக்கிறது, ஐஸ் இல்லை. தட்டின் குழிகளில் தையல் மிஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் பாபின்கள் உட்கார்ந்திருக்கின்றன. யாங்கோனில் கரண்டு முறை வைத்து வந்துபோகத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஃபிரிட்ஜ் கதவு வைத்த அலமாரி, அவ்வளவுதான். ஐஸ் குழிக்குள் பாபின் அளவெடுத்ததுபோல அடங்கும், நூல் நுனிகள் ஒன்றோடொன்று சிக்காது என்று கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். இன்சீன் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரச் சொன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பாபின்கள் எனக்கு இல்லை, அவருடைய அக்காவுக்கு. அண்ணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் தனியாக இருக்கிறார். தையற்கடைகளில் மிஞ்சும் லுங்கித் துண்டுகளை வாங்கி, கட்டம் கட்டமாக இணைத்து, அடியில் பஞ்சு விரித்து, அதற்கும் கீழே ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து மேலெல்லாம் தையல் ஓட்டிப் போர்வை ஆக்குவார். நகரத்தில் ஒரு கடைக்காரர் வாங்கிக்கொள்வார். அண்ணியின் சோறும் அதுதான், கௌரவமும் அதுதான். ஒரு போர்வை எத்தனை பாபின் நூலை விழுங்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணியுடையது கால் மிஷின். அதில் நூல் சுற்றும் பகுதியின் ரப்பர் வளையம் நைந்துபோய்விட்டது. மூட்டுவலிக் காலோடு தைக்கவும் மிதித்து, சுற்றவும் மிதிப்பது அவரால் முடியவில்லை. "நீ தையி அக்கா, நான் சுத்தி அனுப்புறேன்" என்று தம்பி பொறுப்பேற்றுக்கொண்டார். எங்களிடம் இருப்பது கரண்டு மிஷின். இரண்டுக்கும் பாபின் ஒரே அளவு.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கரண்டு வருவது ஒரு திருவிழா. தெருவே "மீ லாபீ!" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் சொல்வது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இவர் கையை உதறிக்கொண்டு மிஷினுக்கு ஓடுவார். கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாதே. கால்கட்டையைத் தரைவரை அழுத்துவார், மோட்டார் அலறும், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பாபின் நிறைந்துவிடும். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சந்தையில் பிளாஸ்டிக் பாபின்களாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். நிரம்பிய தட்டை எனக்குக் காட்டி, ரயில் பெட்டிகளைக் கோத்து விட்டவரைப்போல நிற்பார். நான் அதை எடுத்துக்கொண்டு ஃபெரியில் டாலாவுக்குப் போய் வருவேன்.

இப்படி அனுப்பத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, மழைக்காலம் பிறந்தபோது, கடைக்காரர் ஒரு போர்வையைத் திருப்பி அனுப்பினார். தையல் ஓடிய இடமெல்லாம் சுருக்கம். அடுத்ததும் திரும்பி வந்தது. நான் தட்டோடு போய் நின்றபோது அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் கை போயிருச்சும்மா. எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சுது. எனக்கும் வந்துருச்சு."

"ரெண்டு போர்வைக்கு இவ்வளவு பேச்சா அண்ணி?"

"ரெண்டா? எல்லாந்தான். மிஷினக் கேட்டு ஒரு பர்மாக்காரம்மா வந்துட்டுப் போச்சு. குடுத்துரலாம்னு இருக்கேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் முகம் வாடிவிட்டது. அக்காவுக்குத் தெம்பு வரட்டும் என்று முன்னைவிட அதிகமாகச் சுற்றி அனுப்பத் தொடங்கினார். சுருக்கமும் முன்னைவிட அதிகமாயிற்று.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏன், எதற்கு என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. இவர் என்னை சிஐடி என்றுதான் கூப்பிடுவார். திரும்பி வந்த போர்வை ஒன்றை அண்ணியிடம் கேட்டு வாங்கி வந்து வெளிச்சத்தில் விரித்தேன். கை நடுங்கினால் கோடு கோணலாகப் போக வேண்டும். இங்கே கோடு அளவுகோல் வைத்ததுபோல நேராக இருந்தது. தையல் எல்லாம் ஒரே அளவு. திருப்பிப் பார்த்தேன். இழுப்பு முழுவதும் அடிப்பக்கம்தான். தைக்கும்போது சமமாக இருக்கும், காலையில் பார்த்தால் சுருங்கியிருக்கும் என்று அண்ணி சொன்னது நினைவுக்கு வந்தது. இரவில் யார் வந்து இழுத்துவிட்டுப் போகிறார்கள்?

அடிப்பக்கம் என்றால் பாபின் நூல். தட்டிலிருந்து ஓர் இளஞ்சிவப்புப் பாபினை எடுத்து மிஷினுக்குள் போட்டேன். அது சரியாகச் சுற்றவில்லை. வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்தால், கல்யாணச் சாப்பாடு முடித்தவரின் வயிறுபோல இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. பிளாஸ்டிக்கே வளையும் அளவுக்கு நூல் இறுகியிருக்கிறது. அந்தப் பாபினிலிருந்து கொஞ்சம் நூலை உருவிக் கூடத்துத் தரையில் ஓடுகளின் விளிம்பு பார்த்து நீட்டினேன். பக்கத்தில், நூற்கண்டிலிருந்து நேராக எடுத்த நூல். இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டி, யாரும் மிதிக்காமல் இருக்க நாற்காலிகளை வைத்து மறித்தேன்.

"என்ன, தரையில கோலம் போடுறியா?" என்று இவர் கேலி செய்தார்.

காலையில் நூற்கண்டின் நூல் அப்படியே கிடந்தது. பாபின் நூல் ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. நான் கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் வேகத்தில் பாலியெஸ்டர் நூல் இழுபட்டு நீண்டுபோய்ச் சுற்றிக்கொள்கிறது. நீண்டபடியே தையலுக்குள் போகிறது. பிறகு இரவெல்லாம் மெல்ல மெல்லத் தன் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது, துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு.

அந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய் இவரிடம் படபடவென்று கொட்டினேன். என் வாய்க்குப் பூட்டு ஏது?

"என் பாபின்ல குறை சொல்றியா?" என்று முதலில் சீறினார். கூடத்துக்கு வந்து இரண்டு நூலையும் குனிந்து பார்த்தார். நுனிகளை விரலால் சேர்த்து வைத்து அளந்தார். பிறகு, "அப்ப அக்காவ அழ வெச்சது நானா?" என்றார். கைதட்டிய என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மத்தியானம் தெரு "மீ லாபீ!" என்று கத்தியது. மோட்டார் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருக்க, இவர் மிஷினின் சக்கரத்தைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தார், நூலை விரலிடுக்கில் தொட்டும் தொடாமலும் விட்டபடி. சுற்றி முடித்ததைத் தட்டோடு என்னிடம் நீட்டினார். நீங்களும் வாருங்கள் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

டாலாவில் படகுத்துறையிலிருந்து சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவை விரட்டிக்கொண்டு போனேன். சேறு தெறித்ததற்கு ஓட்டியவர் என்னைத்தான் திட்டினார். அண்ணியின் மிஷின் துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய லுங்கியால் மூடப்பட்டிருந்தது. மிஷினைக் கேட்ட பர்மாக்கார அம்மா மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறாராம்.

"ஒரே ஒரு துண்டு தைங்க அண்ணி."

"வேணாம்மா. நாளைக்கு அதையும் பாத்துட்டு என்னால அழ முடியாது."

நான் விடுகிற ஆளா? லுங்கியை உருவி எறிந்தேன், பாபினைப் போட்டேன், நானே பஞ்சையும் துணியையும் அடுக்கிக் கொடுத்தேன். காரணம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார், கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தேன். என் தொல்லை பொறுக்காமல் தைத்தார். முடித்ததும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உலை வைக்கப் போய்விட்டார்.

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் நான் எழுந்தபோது அண்ணி மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தடவினார். திருப்பிப்போட்டு அடிப்பக்கத்தையும் தடவினார். ஒரு சுருக்கம் இல்லை.

"அப்ப... கை இல்லியா?"

"கை இல்ல அண்ணி. நூலு."

முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுகைக்கு நடுவில் மோட்டாரையும் கரண்டு வந்ததும் இவர் ஓடிய ஓட்டத்தையும் உப்பிய பாபினையும் சொன்னேன். அண்ணி மூக்கை உறிஞ்சினார்.

"அடப்பாவி! நான் இங்க சாமிகிட்ட மூட்டைய எறக்கி வெச்சிக்கிட்டு இருக்கேன். அவன் அங்க பிசாசு கணக்கா சுத்திக்கிட்டிருந்தானா?" சிரிப்பும் கோபமுமாகக் கேட்டுவிட்டு, ஐஸ் தட்டைப் பார்த்தார். "இத யாரு சுத்துனா?"

"அவருதான். கரண்டு இருக்கப்பவே கையால சுத்துனாரு. ஒங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டு வரல."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து முதலில் அந்தப் பர்மாக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "மயவுங்தோ பூ, மா" என்றார். விற்கவில்லை. அடுத்துத் தம்பிக்கு அடித்தார். மறுமுனையில் மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"தம்பி, பாபின் பத்தாது" என்றார் அண்ணி. "இன்னும் சுத்தி அனுப்பு."

மறுமுனையில் இவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"என்ன கலரு வேணும்க்கா?"