லிஃப்ட் அங்கிளின் ஞாயிறு வகுப்பு

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தே பாதிப் பதற்றத்தை இறக்கிவிடுவார். அந்த வாய்க்காகத்தான் பங்குத்தந்தை அவரைப் பிடித்தார். உறுதிபூசுதல் சடங்கு முடிந்த கையோடு பிள்ளைகள் கோயிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறார்கள், இளையோர் குழுவில் மிஞ்சியிருக்கும் ஏழெட்டுப் பேருக்காவது நல்ல விவிலியப் பாடத்திட்டம் ஒன்றை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றார். ஆயரின் ஒப்புதல் பெற்றதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எந்தப் பொறுப்பிலும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். அன்றைக்கு என்னவோ தலையாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டது ஒன்றுதான். "உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

தெரியாது. அங்கேதான் சிக்கல். அண்ணனின் மனைவி மறைக்கல்வி வகுப்பை வருஷக்கணக்காக நடத்தியவர். முழங்கால் வலி வந்த பிறகுதான் விட்டார். அவருடைய கேள்வி-பதில் புத்தகம் இருக்கும்போது கொழுந்தனார் வேறு புத்தகம் தேடுகிறார் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

அதனால் சொல்லாமலே ஆரம்பித்தார். முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில், பளபள அட்டையோடு வந்த வீடியோ பாடத்தைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் நன்றாகத்தான் பார்த்தார்கள். எப்படி என்று கேட்டபோது மருந்துக்கடைக்காரர் மகள் சொன்னாள்:

"கேள்வி கேக்குறதும் அவங்களே, பதில் சொல்றதும் அவங்களே. நாங்க எதுக்கு அங்கிள்?"

அடுத்த வாரம் அண்ணியின் புத்தகத்தையே எடுத்தார். சின்ன வயதில் படித்ததை எல்லாரும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தார்கள். இறந்துபோன லாசரின் கல்லறைக்கு இயேசு போகும் கதை வந்ததும் மருந்துக்கடைக்காரர் மகள் மட்டும் நிறுத்தினாள். அவளுடைய அம்மா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

"லாசரை எழுப்பத்தான் போறார். அப்புறம் எதுக்கு அழுதார்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தெரியலைம்மா, கேட்டுச் சொல்றேன் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போனார். புத்தகம் தேடும் கதையை முதலில் சொல்லிவிட்டார். எதிர்பார்த்தபடியே அண்ணி முகம் கொடுக்கவில்லை. கேள்வியைச் சொன்னதும் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்தார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலையே தம்பி."

மாவை மூடிவைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "உங்க அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணினப்போ, இனி பயமில்லைன்னு டாக்டர் எங்கிட்டதான் முதல்ல சொன்னார். அத்தைகிட்ட சொல்லலாம்னு ஓடினேன். அவங்க அழுதுட்டிருந்ததைப் பாத்ததும் எனக்கு வாயே வரலை. நானும் பக்கத்துல உக்காந்து அழுதுட்டேன். அதுக்கப்புறம்தான் சொன்னேன்."

"இதை அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணி."

அண்ணி முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். சொல்லியும் முடித்தார். மருந்துக்கடைக்காரர் மகள் தலையாட்டவில்லை. எங்கம்மா தேறலைன்னா என்று திருப்பிக் கேட்டாள். அண்ணி தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்ற பிள்ளைகளும் அப்போதுதான் வாய் திறந்தார்கள். அறையைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை இருமுறை திரும்பிப் போனார்.

கடைசியில் கொழுந்தனாரும் அண்ணியும் சேர்ந்தே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: யோவான் நற்செய்தியை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கவைக்கும் மெல்லிய கையேடு. ஆயரின் ஒப்புதல் உள்ளே அச்சாகியிருந்தது. கேள்விகள் உண்டு, பதிலுக்குப் பக்கம் இல்லை. பதில் எங்கே என்று பங்குத்தந்தை புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அதுக்குத்தான் ஃபாதர் பிள்ளைங்க வர்றாங்க" என்றார் அண்ணி.

மழைக்காலம் முடிந்ததும் குழுவில் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறார். மகள் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. இப்போதெல்லாம் முந்தின நாளே அண்ணிக்கு போன் போட்டு வாக்குவாதத்தைத் தொடங்கிவிடுகிறாளாம்.